பேரைச் சொன்ன சாட்சி

இன்று விடியலில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடைத் தட்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்ததும் துறைமுகக் கரிக்கிடங்கின் பக்கமிருந்து அந்த வாசனை உள்ளே வந்தது. நனைந்த நிலக்கரியின் வாசனை. துருப்பிடித்த இரும்பும் தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பும் கலந்தாற்போல இருக்குமே, அது. ராயபுரத்துக்காரர்களுக்கு அது ஒரு வாசனையே இல்லை. எனக்கு மட்டும் கரி நனைந்தால் கப்பலும் ரயிலும் நினைவுக்கு வராமல் நீ வந்துவிடுகிறாய். என் வாசலுக்கு நீ முதன்முதல் வந்தபோது உன் முகத்துக்கு முன்னால் அந்த வாசனைதான் எனக்குத் தெரிந்தது.

அன்றும் மழை பெய்து விட்டிருந்தது. வியாசர்பாடிக் குடிசையில் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியவள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். சின்னவன் தூளியில் தூங்கினான். கரி வாசனை வந்ததும் அவர்தான் பாதி வேலையில் வந்துவிட்டார் என்று எண்ணி, திரும்பிப் பார்க்காமலே, "இன்னா, இன்னிக்குக் கப்பல் வரலியா?" என்று கேட்டேன். பொறுக்கிய கல்லை வெளியே எறியத் திரும்பினேன்.

நெற்றியிலிருந்து கால்வரை கரி பூசிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கூடை இல்லை, தலையில் சும்மாடு மட்டும் அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்து ராயபுரத்திலிருந்து வியாசர்பாடிவரை ஓடி வந்திருக்கிறாய்.

"யம்மா... ஒங்க வூட்டுக்காரரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாய்.

அந்த ஒரு நொடியில் எனக்கு இரண்டும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னவோ நேர்ந்துவிட்டது என்பதும், வந்திருப்பது நீதான் என்பதும்.

உன்னைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். கரி இறக்கும் கூட்டத்தில் காலடிப்பேட்டைக்காரி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் இவருக்கும் பழக்கம் என்று இரண்டு வருஷமாகவே தெருவில் பேச்சு. ஒருமுறை அவரிடமே கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். அதுவே பதில். கெட்டவர் இல்லை. கூலியை என் கையில்தான் கொடுப்பார், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். ஆனாலும் சில மாலைகளில் அவர் வருவதற்கு நேரமாகும். அந்த மாலைகளிலெல்லாம், உன்னை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்பது என்று நான் வரிசையாக எண்ணி வைத்திருந்தேன். நீ நேரில் வந்து நின்றபோது அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"உசுரு கீதா?" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். இல்லை என்று.

"நீ யாரு?" என்றேன். தெரிந்தும் கேட்டேன்.

"கூட வேல செய்யறவ" என்றாய். பிறகு அவசரமாக, "ஜல்தியா வாங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிருக்காங்க. மேஸ்திரி ஆளுங்க தனியா நின்னு இன்னாவோ பேசிகினு கீறாங்க. எனக்கு ஒண்ணும் சரியாப் படல" என்றாய்.

தூளிப் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். போகும் வழியெல்லாம் நீ எனக்கு இரண்டடி பின்னால் நடந்து, என்ன நடந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தாய். நான் திரும்பவே இல்லை. காதை மட்டும் கொடுத்தேன்.

கல்கத்தாவிலிருந்து கரிக்கப்பல் வந்திருந்தது. கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிறவர்கள் இரும்புத் தொட்டியில் கரியை அள்ளிப் போடுவார்கள். வின்ச் அதை மேலே தூக்கிக் கரையில் இறக்கும். கரையில் நிற்கும் ஆள் கொக்கியைக் கழற்றித் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். பெண்கள் அதைக் கூடையில் வாரி ரயில் வண்டியில் கொட்ட வேண்டும். கொக்கி கழற்றுவது அவருடைய வேலை. தொட்டியைத் தூக்கும் கயிறு நைந்திருக்கிறது என்று அன்று காலையிலேயே மேஸ்திரியிடம் அவர் சொல்லியிருக்கிறார். "பயமா இருந்தா வூட்டுக்குப் போ, ஆளா கெடைக்காது?" என்று மேஸ்திரி பதில் சொல்லியிருக்கிறான். மதியத்துக்கு முன்னால் கயிறு அறுந்தது. கரியோடு தொட்டி அவர்மேல் விழுந்தது. நீ காலிக் கூடையோடு வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்னொன்றையும் நீ பார்த்திருந்தாய். கரியைத் தள்ளி அவரை வெளியே எடுத்தபோது, அவர் இடுப்புக் கயிற்றில் கட்டியிருந்த பித்தளை வில்லையை மேஸ்திரியின் ஆள் ஒருவன் அறுத்து மடியில் போட்டுக்கொண்டான். காலையில் வேலைக்கு எடுக்கும்போது ஆளுக்கொன்று கொடுப்பார்களே, அந்த வில்லை. அதை ஏன் எடுத்தான் என்று உனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

அவரை அடக்கம் செய்த சில நாளில் விளங்கியது. மேஸ்திரி அரிசி மூட்டையோடு வந்தான். கான்டிராக்டருக்கு மனசு கேட்கவில்லை, தர்மமாகக் கொடுக்கச் சொன்னார் என்றான். ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் நீட்டி, கட்டை விரலை வைக்கச் சொன்னான். நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன்.

"இன்னாம்மா, படிக்கிறியா நீ?" என்று அவன் சிரித்தான்.

என் நைனா மில்லில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பௌத்தக் கூட்டத்துக்குப் போவார். அங்கே வாங்கிவரும் பத்திரிகையை வைத்துத்தான் எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தப் படிப்பு அதுவரை எனக்குப் பெரிதாக ஒன்றுக்கும் உதவியதில்லை. காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். இறந்துபோனவர் அன்று கான்டிராக்டரிடம் வேலை செய்யவில்லை, அனுமதியில்லாமல் கரி எடுக்க உள்ளே நுழைந்தார், பெண்சாதியாகிய எனக்கு யார்மேலும் எந்தப் பாத்தியமும் இல்லை.

கரி எடுக்க என்றால் திருட என்று அர்த்தம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்.

மறுநாளே கூலிக்காரர் சங்கத்துக்குப் போனேன். ஓலைக்கொட்டகையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரைச் சங்கத்து ஐயா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வேலையில் அடிபட்டவர்களுக்கும் செத்தவர்களின் குடும்பத்துக்கும் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, கப்பலில் சரக்கு இறக்குகிறவர்களும் அதில் அடக்கம் என்று அவர்தான் சொன்னார்.

"கயிறு நைஞ்சிருந்துச்சுங்க. மேஸ்திரிகிட்ட அவரு சொல்லியும் இருக்காரு" என்றேன்.

"அதைச் சட்டம் கேக்காதும்மா. யார் தப்புன்னு பாக்கறதுக்கு இல்ல இது. அந்த நேரத்துல அவர் வேலையில இருந்தாரா, அது ஒண்ணுதான் கேள்வி. அதனாலதான் வில்லையை எடுத்துட்டாங்க. பாத்தவங்க யாராவது வந்து சொன்னா போதும்."

பார்த்தவர்கள் நிறையப் பேர். சொல்ல ஒருவரும் இல்லை. நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். அவரோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள், எங்கள் சின்னவனுக்குப் பேர் வைத்த அன்று வந்து பாயசம் குடித்தவர்கள், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மேஸ்திரி கை காட்டினால்தான் மறுநாள் வேலை. உன் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை.

நீயாக வந்தாய். விளக்கு வைக்கிற நேரம், உள்ளே வராமல் தட்டிக்கு வெளியே நின்றாய். குளித்து, வேறு புடவை கட்டியிருந்தாய். கரி இல்லாத உன் முகத்தை அன்றுதான் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். அழகி என்று சொல்ல முடியாது. அது எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

"மேஸ்திரி வந்துட்டுப் போனான்" என்றாய். "ஒண்ணும் பாக்கலன்னு சொன்னா வருஷம் பூரா வேல, வாய தொறந்தா ராயபுரத்துல எங்கயும் கரிக்கூட தூக்க முடியாதுன்றான்."

"நீ இன்னா சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்கல. நேரா இங்க வந்துட்டேன்."

"இதுல ஒனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் வாணாம். அவுரு திருட வந்தாருன்றாங்க. அவுரு திருடல. அத்த சொல்லணும், அவ்ளோதான்."

உள்ளே வரச் சொன்னேன். நீ செருப்பில்லாத காலை வாசலில் துடைத்துவிட்டு வந்து, பாயின் ஓரத்தில் பாதி பாயிலும் பாதி தரையிலுமாகக் குந்தினாய். பெரியவள் வந்து உன்னைப் பார்த்து, "யாரும்மா?" என்றாள். நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்பா கூட வேல செஞ்சவங்க" என்றேன்.

சங்கத்து ஐயாவிடம் இருவரும் சேர்ந்து போனோம். அவருக்கு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் உனக்கும் தாலி கட்டியிருந்தால் நீயும் பெண்சாதிதான், சட்டப்படி உனக்கும் பங்கு கேட்கலாம். ஆனால் பங்கு கேட்கிறவள் சாட்சி சொன்னால் பணத்துக்காகச் சொல்கிறாள் என்பார்கள். அதோடு இரண்டு பேர் வந்து நின்றால் இரண்டு பேரையுமே இல்லை என்று ஆக்கப் பார்ப்பார்கள். என் கல்யாணம் நைனாவின் பௌத்த முறைப்படி நடந்தது. பஞ்ச சீலம் சொல்லி, மாலை மாற்றி, தாலி கட்டியது. ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. நடத்தி வைத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதிலும் கை வைப்பார்கள்.

"கட்டினாராம்மா உனக்கு?" என்று உன்னைக் கேட்டார்.

நீ வெறும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். "கட்டல" என்றாய். பிறகு, யாரும் கேட்காமலே, "கட்டறேன்னு சொன்னாரு" என்றாய்.

அதை நான் கேட்டேன். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். கட்டினார் என்று நீ ஒரு பொய் சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. நானும் நீயும் நீதிமன்றத்தில் முடியைப் பிடித்துக்கொண்டிருப்போம், கான்டிராக்டர் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருப்பார். அது உனக்கும் தெரியும்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நஷ்ட ஈட்டுக் கமிஷனர் வெள்ளைக்காரர். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் மாடியில் அவருடைய அறை. நாம் எதிர்பார்த்ததுபோல் கூண்டு எதுவும் இல்லை. ஒரு நீள மேஜை, மேலே ஆடும் பங்கா, பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. கான்டிராக்டர் வரவில்லை, அவர் வக்கீல் வந்திருந்தார். மேஸ்திரி பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். புருஷன் பேர் என்ன என்று துபாஷி கேட்டார். வாய் வரவில்லை. சொல்லிப் பழக்கமில்லாத பேர். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடச் சாடை காட்டிச் சொல்கிறவர்கள் நடுவில் வளர்ந்தவள் நான். துபாஷிக்கு இது தெரிந்ததுதான்போல, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன். எழுதுவதில் எனக்குத் தடை இருந்ததில்லை, சொல்வதில்தான். வக்கீல் என்னிடம் கேட்டதெல்லாம் கல்யாணத்தைப் பற்றித்தான். ஐயர் யார், அக்கினி உண்டா, யார் பார்த்தார்கள். இல்லை, இல்லை, செத்துப்போய்விட்டார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் திருப்தி ஏறிக்கொண்டே போனது.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள்.

நீ நடந்ததைச் சொன்னாய். நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல், கப்பல் வந்ததிலிருந்து சொன்னாய். "வின்ச்சு தூக்கிகினு வரச்சொல்ல கவுறு அறுந்து பூட்ச்சு சாமி" என்றாய். துபாஷி கும்பகோணத்துக்காரரோ என்னவோ, உன் பேச்சு அவருக்குப் பாதி புரியவில்லை. "பூட்ச்சுன்னா?" என்று கேட்டார். மேஜையோரம் இருந்த குமாஸ்தா சிரித்தான். நீ சிரிக்கவில்லை. "போயிடுச்சுன்றேன்" என்று அவருக்காக மெதுவாகச் சொன்னாய். வில்லையை அறுத்தவன் யார் என்று கேட்டபோது பின்னால் கை நீட்டி, "தோ, அவன் ஆளு" என்று மேஸ்திரியைக் காட்டினாய். நைந்த கயிற்றைப் பற்றியும் சொன்னாய். அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றார் துபாஷி. "தேவ இல்லாட்டியும் எழுதிக்கட்டும் சாமி, சொன்னது சொன்னதுதானே" என்றாய்.

வக்கீல் எழுந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"செத்துப்போனவன் உனக்கு யாரு?"

"கூட கரி தூக்கின ஆளு."

"அவ்வளவுதானா? காலடிப்பேட்டையில உன் வீட்டுக்கு அவன் வந்து போவானே, ஊருக்கே தெரியுமே? நீ அவனுக்குப் பெண்சாதி மாதிரிதானே இருந்தே? இந்தம்மாவும் நீயும் சேர்ந்து பணத்துக்காகத்தானே கதை சொல்றீங்க?"

நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. நாம் பேசி வைத்துக்கொண்டது எதுவும் இல்லை. சங்கத்து ஐயா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீ பேசிவிட்டாய்.

"ஏகாம்பரம்" என்றாய்.

துபாஷி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏகாம்பரம். செத்துப்போனவன் பேரு ஏகாம்பரம். எத்தினி தபா வோணும்னாலும் சொல்றேன் சாமி. பொண்டாட்டின்னா சொல்லுவாளா? அந்தம்மாவ நீங்கதானே கேட்டீங்க, வாய் வந்துச்சா அதுக்கு? எழுதித்தானே குடுத்துச்சு? அது பொண்டாட்டி. எனக்குப் பேரு வருது. நான் யாருமில்ல. ஒரு காசு எனக்கு வாணாம்னு கை நாட்டு வெச்சுத் தரேன், எழுதுங்க. அந்த ஆளு வேலையில இருந்தான். தொட்டி விழுந்து செத்தான். திருட வரல."

துபாஷி இதை இங்கிலீஷில் சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. பேர் சொல்லும் விஷயத்தைக் கமிஷனருக்கு விளக்க அவர் என்னைக் காட்டினார், நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினார், பிறகு உன்னைக் காட்டினார். கமிஷனர் என்னை ஒருமுறை பார்த்தார், உன்னை நெடுநேரம் பார்த்தார். பேனாவை மைக்கூட்டில் தொட்டு எழுத ஆரம்பித்தார். வக்கீல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அவற்றுக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பது எனக்கு நினைவில்லை.

எனக்குத் தெரிந்தவரை, அதற்கு முன்னால் நீ அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. என் வாசலில் வந்து நின்றபோது 'ஒங்க வூட்டுக்காரரு' என்றாய். பிறகு எப்போதும் 'அவுரு'. சங்கத்துக் கொட்டகையிலும் 'அவுரு'தான். அவரை அவன் இவன் என்று உன் வாயில் வந்தது அன்று ஒரு நாள்தான்.

வெளியே வந்ததும் வேகமாக நடந்தாய். மணலில் இறங்கி, அலைவரை போய், குனிந்து உப்புத்தண்ணீரை அள்ளி வாயைக் கொப்பளித்தாய். நான் பின்னால் வந்து நின்றேன்.

"பேரச் சொல்லிட்டேன்க்கா" என்றாய். அதுவரை 'யம்மா' என்றுதான் என்னைக் கூப்பிட்டாய். முதல் 'அக்கா' அதுதான். "அவன்னு சொல்லிட்டேன். அத்தினி பேர் எதிர்ல."

உன் முதுகில் கை வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அப்போதுதான் அழுதாய். அவர் செத்ததற்கு அழ உனக்கு அதுவரை ஓர் இடம் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் என் உறவுக்காரர்கள் நின்றார்கள், நீ வெளிச்சுவரோரம் நின்றாய். அடக்கத்துக்கு நீ வரவேயில்லை, வர முடியாது. அலையோரம் நின்று இருவரும் அழுதோம். மீன் கூடையோடு போன ஒரு கிழவி நம்மைப் பார்த்துவிட்டு, "யார் பூட்டாங்கம்மா?" என்று கேட்டாள். "வூட்டுக்காரரு" என்றேன். யாருடையவர் என்று அவள் கேட்கவில்லை.

தீர்ப்பு நம் பக்கம் வந்தது. அவர் வேலையில் இருக்கும்போதுதான் இறந்தார், நான்தான் அவர் பெண்சாதி என்று கமிஷனர் எழுதிவிட்டார். பிள்ளைகளின் பங்கைச் சர்க்காரே வைத்துக்கொண்டு மாதாமாதம் கொடுத்தது. திருடன் என்ற பேச்சு அதோடு போனது. உன் வேலையும் போனது. மேஸ்திரி சொன்னது சொன்னபடி செய்தான். ராயபுரத்தில், தண்டையார்பேட்டையில், எண்ணூர் பக்கம் உப்பளத்தில்கூட உன்னைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். நீ அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலடிப்பேட்டைக்கு நானே வந்து பார்த்தேன். உன் வீட்டில் அடுப்பு எரிந்து சில நாள் ஆகியிருந்தது.

"துறைமுக வாசல்ல கூழ்க் கடை போடலாம்னு கீறேன். தனியா முடியாது" என்றேன்.

"நான் யாருன்னு ஊரு கேட்டா?"

"கேட்டா கேக்கட்டும். கூழ் நல்லா இருந்தா வாய மூடிகினு குடிப்பான்."

அப்படித்தான் நடந்தது. நீ என் வீட்டுக்கே குடிவந்துவிட்டாய். கூழ், கருவாட்டுக் குழம்பு, வெயில் காலத்தில் மோர். நீ கரைப்பாய், நான் ஊற்றுவேன். முதல் சில மாதம் எதிரில் நின்று வேடிக்கை பேசினார்கள். "ரெண்டு பேரும் ஒரே வூட்டுல எப்டி கீறீங்க?" என்று ஒருத்தன் கேட்டதற்கு நீ, "சண்ட போட ஆள் பூட்டாருப்பா, இன்னாத்துக்கு தனித்தனியா வாடக?" என்றாய். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அவரைச் சொல்லிச் சிரிக்க முடியும் என்று எனக்குக் காட்டியது நீதான்.

நாம் சண்டை போடாமல் இருந்தோம் என்றும் சொல்ல மாட்டேன். உப்புக்குச் சண்டை, பெரியவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதா கூடாதா என்று சண்டை. அந்தச் சண்டையில் நீ ஜெயித்தாய், அவள் படித்தாள். அவரைப் பற்றி மட்டும் ஒருநாளும் சண்டை இல்லை. அவர் உனக்கு என்ன சொன்னார், எனக்கு என்ன சொன்னார் என்று நாம் ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை. சில சமயம் நீ கூழைக் கிண்டிக்கொண்டே ஏதோ நினைத்துச் சிரிப்பாய். நான் கேட்க மாட்டேன்.

கடைக்கு வருகிறவர்கள் கை நசுங்கியவனை, கண்ணில் கரித்தூள் விழுந்தவனை, கால் ஒடிந்தவனை அழைத்து வர ஆரம்பித்தார்கள். "அந்தம்மா எழுதும், இந்தம்மா பேசும்" என்று பேர் ஆகிவிட்டது. நான் மனு எழுதுவேன். சாட்சி சொல்லப் பயப்படுகிறவனிடம் நீ பேசுவாய். "பொய் சொன்னாத்தான்டா ஞாபகம் வெச்சுக்கணும். பாத்தத சொல்றதுக்கு இன்னா பயம்?" என்பாய். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. வராதவனையும் நீ திட்டியதில்லை. மறுநாள் அவனுக்கும் அதே அளவு கூழ்தான்.

உன் இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கரி சுமப்பவர்கள் எல்லாரும் இருமுவார்கள், அதனால் கவனிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து உள்ளே போன தூள். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்தும் கறுப்பாகத் துப்பினாய். படியேற முடியாமல் போனபோது, உன்னை ரிக்ஷாவில் வைத்து அதே கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். உனக்காக நான் எழுதிய மனு என் கையில் இருந்தது. கமிஷனர் மாறியிருந்தார், குமாஸ்தாவும் புதியவர். மனுவைப் படித்துவிட்டு, "கை போச்சா, கால் போச்சா, கண் போச்சா?" என்று கேட்டார்.

"மூச்சு போகுதுங்க" என்றேன்.

"இருமலுக்குச் சட்டத்துல இடமில்லம்மா. என்னென்ன வியாதின்னு எழுதியிருக்கு, அதுல இது இல்ல. இவங்க வேலையில வேற இல்ல இப்போ."

அவர் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். நீ குடித்துவிட்டு, "தொட்டி தலைமேல விழுந்தா குடுப்பாங்க, தூளு தூளா விழுந்தா குடுக்க மாட்டாங்க. சரி வா, போலாம்" என்றாய். படியிறங்கும்போது நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தாய்.

கடைசி வாரத்தில் உன்னால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்துதான் இருந்தாய். பெரியவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளை அன்றைக்கு நிறுத்தாமல் படிக்க வைத்ததற்கு நீ பெருமைப்பட்டுக்கொண்டே இருப்பாய். அந்த வாரத்தில் அதைச் சொல்லக்கூட மூச்சு இல்லை, அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். ஒரு நடுப்பகலில் போய்விட்டாய்.

இடுகாட்டில் பேர் பதிகிற குமாஸ்தா மேஜையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உன் பேரைச் சொன்னேன், வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"நீங்க இன்னா வேணும் அவங்களுக்கு?"

"அக்கா."

"வீட்டுக்காரர் பேரு?"

பெரியவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவர் அப்படியே எழுதியிருப்பார். பென்சிலை வாங்கி நானே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாயால் சொன்னேன். ஏகாம்பரம் என்று, நாலு பேர் கேட்கும்படி. கல்யாணமாகி, அவரோடு வாழ்ந்து, அவரை இழந்து, இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்தப் பேர் என் வாயிலிருந்து வந்தது. அந்தக் குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியாது. எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நீ போய் இந்த மழைக்காலத்தோடு ஒரு வருஷம். கடை நடக்கிறது. கூழ் நீ கரைத்த பதத்துக்கு வரவில்லை என்று பழைய ஆட்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள், சொல்லிவிட்டுக் குடிக்கிறார்கள். கையும் காலும் போனவர்களுக்கு மனு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இல்லாததால் இப்போது பேசுவதும் நானே.

கரி சுமக்கிற பெண்களில் கறுப்பாகத் துப்புகிறவள் யாராவது வந்தால் அவளுக்கும் எழுதுகிறேன். இருமலுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்தவளுக்கும் எழுதுகிறேன், அதுவும் திரும்பி வருகிறது. குமாஸ்தாவுக்கு என் கையெழுத்து பழகிவிட்டது. பிரிக்கும் முன்பே, "அதேதானாம்மா?" என்று கேட்கிறார்.

"அதேதாங்க. எழுதிக்குங்க" என்கிறேன்.